வரப்போக ஒரு டிக்கெட்

மதுரை சிம்மக்கல்லில் வெங்காய மண்டி ஒன்றுக்கு மேல் மாடியில் இருந்தது அந்த ஏஜென்சி. வளைகுடா நாடுகளுக்கு மட்டும்தான் அங்கே டிக்கெட் போடுவார்கள். விமானக் கம்பெனிகளிடம் முன்கூட்டியே மொத்தமாக சீட் வாங்கி வைத்துக்கொண்டு விலை குறைத்து விற்பதால், உசிலம்பட்டியிலிருந்தும் மேலூரிலிருந்தும்கூட ஆட்கள் வந்து காத்துக் கிடப்பார்கள். ஒத்தக்கடையிலிருந்து இசைவாணியும் வந்திருந்தாள். எப்போதும் கணவனை அனுப்பி வைக்கத்தான் அந்தப் படியேறுவாள். இந்தத் தடவை வரவழைக்க வந்திருந்தாள்.

"துபாய்ல இருந்து மதுரைக்கு. ஒரு வழி போதும் தம்பி. அவரு மொத்தமா வந்துர்றாரு" என்றாள்.

கவுன்டரில் இருந்த ஜெயந்த் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, ஒரு வழிதான் இப்ப விலை ஜாஸ்தி. எங்ககிட்ட குரூப் டிக்கெட் இருக்கு, வரப்போக ரெண்டுக்கும் சேர்த்து. அது இதைவிடக் கம்மி."

"போறதுக்கு எதுக்கு டிக்கெட்? அதான் வந்துர்றாருல்ல?"

"வந்தப்பறம் அதைக் கண்டுக்காதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு தேதி போட்டிருக்கும். தேதிய மாத்த முடியாது, காசும் திரும்பாது. அன்னிக்கு ஏறலைன்னா தன்னால செத்துரும். நெறையப் பேரு இப்படித்தான் எடுக்குறாங்க."

மிச்சமாகும் தொகையில் பாப்பாவுக்கு சைக்கிள் வாங்கிவிடலாம் என்று இசைவாணிக்கு மனசு போயிற்று. சரி என்றாள். ஜெயந்த் அவள் போனுக்கு அனுப்பிய டிக்கெட்டை, படியிறங்கும்போதே சூர்யபிரகாஷுக்கு அனுப்பி வைத்தாள்.

கல்யாணமான மறுவருஷம் துபாய்க்கு ஏசி மெக்கானிக் வேலைக்குப் போனவன் சூர்யபிரகாஷ். மகள் பவதாரிணி பிறந்ததைக்கூட போனில்தான் பார்த்தான். இப்போது அவள் மூன்றாவது படிக்கிறாள். இடையில் வந்ததெல்லாம் ஒரு மாச லீவு, அதிலும் பாதி நாள் சொந்தக்காரர்களுக்குப் போய்விடும். "இனிமே முடியாது வாணி, வந்துர்றேன்" என்று அவனே ஒருநாள் சொன்னபோது, அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வந்தான். முதல் வாரம் வீடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. அடுத்த வாரம் கே.கே. நகரில் ஒரு ஏசி கடையில் வேலைக்குச் சேர்ந்தான். காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு போவான், சாயங்காலம் வருவான். வந்தவன் எங்கே உட்காருவது என்று தெரியாதவன்போல வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடப்பான். சாப்பாடு போட்டால், "நீங்க சாப்ட்டீங்களா?" என்று விருந்தாளியைப் போலக் கேட்பான். டம்ளர் எங்கே இருக்கிறது, எந்தச் சுவிட்ச் எந்த விளக்குக்கு என்று ஒவ்வொன்றையும் அவளிடம் கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கும் கூச்சப்பட்டான்.

பவதாரிணிதான் பெரிய கஷ்டம். போனில் அம்புட்டுப் பேசியவள், நேரில் அவன் கூப்பிட்டால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இசைவாணி துணி உலர்த்த மொட்டைமாடிக்குப் போனாள். தண்ணீர்த் தொட்டி நிழலில் சூர்யபிரகாஷ் போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழே வீட்டுக்குள்ளிருந்து மகள் அம்மாவின் போனில் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தாள். டீச்சர் திட்டியது, விழுந்த பல், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி என்று நிறுத்தாமல் பேசினாள். அவனும் சிரித்துச் சிரித்துக் கேட்டான். பேசி முடித்துத் திரும்பியவன் அவளைப் பார்த்ததும் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். இசைவாணி வாளியை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் ஒண்ணு சொல்லல வாணி" என்றான். "விசாவ கேன்சல் பண்ணல. பண்ணணும்னுதான் ஆபீசுக்குப் போனேன். மேனேஜரு, 'ரெண்டு மாசம் லீவுன்னு போட்டுக்கிறேன், போய்ப் பாரு'ன்னாரு. திரும்பிப் போற டிக்கெட்டும் கையில இருந்துச்சு. சரின்னு தலையாட்டிட்டேன்."

"அப்ப போறீங்களா?"

"வர்ற வியாழக்கிழமை தேதி."

"இங்க என்ன குறை? வர்ற சம்பளம் போதும்னு நானே சொல்றேன்ல?"

"குறை ஒண்ணுமில்ல. நீ ஒண்டியா எல்லாத்தையும் பழகிட்ட. நானும் அங்க ஒரு கட்டில்ல பழகிட்டேன். இங்க எப்படி இருக்கிறதுன்னு எனக்குத் தெரியல வாணி."

"ரெண்டு மாசத்துல தெரிஞ்சுருமா? ஒரு வருஷம் இருந்து பாருங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுது அவள் பார்த்ததே இல்லை. சண்டை போட நினைத்ததை விட்டுவிட்டாள்.

அந்த நாலு நாளும் அவள் அந்த டிக்கெட்டையே நினைத்துக் குமைந்தாள். ஒரு வழி எடுத்திருந்தால் இருந்திருப்பானோ? போக நினைத்தவன் இன்னொரு டிக்கெட் எடுத்துப் போயிருப்பான் என்று புத்திக்குத் தெரிந்தது. ஆனாலும் போகிற வழியைத் தன் கையாலேயே திறந்து வைத்துவிட்டோம் என்று மனசு அடித்துக்கொண்டது.

வியாழக்கிழமை விமான நிலையத்தில், டிக்கெட் உள்ளவர்கள் மட்டும்தான் என்று காவலர் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார். சூர்யபிரகாஷ் குனிந்து மகளின் தலையைத் தடவினான். அவள் ஒதுங்கவில்லை. "போய்ட்டு போன் பண்ணுப்பா" என்றாள்.

"வாரேன் வாணி."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு வரிசையில் எல்லோரும் ஒரே மாதிரித் தெரிந்தார்கள்.

இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தபோது எதிர்வீட்டு சுந்தரம்மாள் குடத்தோடு குழாயடியில் நின்றாள். மூன்று பேராகப் பெட்டியோடு போய் இரண்டு பேராகத் திரும்பி வந்த தாயையும் மகளையும் ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்னடி, மாப்ள மொத்தமா வந்துட்டாருன்னு நெனச்சேன். போயிட்டாரா?"

"அவருக்கு லீவே ரெண்டு மாசந்தான்க்கா" என்றாள் இசைவாணி. "முடிஞ்சிருச்சு."

கதவைத் திறந்து மகளை உள்ளே விட்டாள். கொடியில் அவனுடைய வேலைச் சட்டை ஒன்று இன்னும் ஈரத்தோடு தொங்கியது. எடுத்துப் பிழிந்து மறுபடியும் போட்டுவிட்டு, இரண்டு பேருக்கு மட்டும் அரிசி களைந்தாள்.