பாத்துக்கறேன்

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து அடுத்தவர் வாயாகப் பேசுவதுதான் என் பிழைப்பு. சர்வதேச நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். எந்தச் சொல்லுக்கும் அசராதவள் என்று எனக்கொரு திமிர் உண்டு. அதை ஒரு லாரி டிரைவர் ஒரே சொல்லில் இறக்கிவிட்டார்.

ஆயுதக் குழு ஒன்று பிடித்துவைத்திருந்த ஊர்க்காரர்களை லாரியில் ஏற்றிக் குவாரிக்கு ஓட்டிப்போனவர் அவர். அங்கே அத்தனை பேரையும் சுட்டுவிட்டார்கள். ஓட்டியதை அவர் மறுக்கவில்லை. ஓட்டாவிட்டால் தன் குடும்பத்தைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து ஓட்டினாரா என்பதுதான் வழக்கே. ஆமென்றால் விடுதலைக்கு வழியுண்டு. இல்லையென்றால் சாகும்வரை சிறை.

“அந்தக் குழுவோட கமாண்டர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?” என்று கேட்டார் நீதிபதியம்மா.

“‘நீ வண்டிய எடு, உன் குடும்பத்த நான் பாத்துக்கறேன்’னாருங்கம்மா.”

அட கடவுளே! சோறு போட்டுக் காப்பாற்றுகிறேன் என்பதும் பாத்துக்கறேன்தான், தொலைத்துக்கட்டுகிறேன் என்பதும் பாத்துக்கறேன்தான். முதலாவது என்றால் ஆதாயத்துக்காகக் கொலைக்குத் துணை போனவர். இரண்டாவது என்றால் மிரட்டலுக்குப் பணிந்தவர். நீதிமன்ற மொழியில் நான் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தெளிவு வேண்டுமென்று மைக்கில் கேட்டேன்.

“எந்த அர்த்தத்துல சொன்னாரு?” என்றார் நீதிபதியம்மா.

“தெரியலீங்கம்மா. சிரிச்சுக்கிட்டே தோளத் தட்டினாரு. இடுப்புல துப்பாக்கி இருந்துச்சு. ஆனா அது எப்பவும் இருக்கும்.”

“அப்புறம்?”

“வீட்டுக்கு மளிகை சாமான் வந்துச்சும்மா. கூடவே துப்பாக்கியோட ஒருத்தன் வந்து வாசல்ல உக்காந்துட்டான்.”

காவலா, கண்காணிப்பா? எனக்குத் தலை சுற்றியது. எரிச்சலும் வந்தது. ஏனய்யா, மிரட்டுகிறவன் ஒழுங்காக மிரட்டித் தொலைக்கக் கூடாதா?

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்தார். “பாத்துக்கறேன்னு கமாண்டர் சொன்னதுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க?”

“‘நன்றிங்கய்யா’ன்னு சொன்னேன்.”

“மிரட்டினவனுக்கா நன்றி சொன்னீங்க?”

டிரைவர் திருதிருவென்று முழித்தார். “பயந்துதான் சொன்னேனோ... இல்ல, நல்லாப் பாத்துப்பாருன்னு நம்பித்தான் சொன்னேனோ... எனக்கே குழப்பமா இருக்குங்க.”

அவருடைய வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். தன் வாயாலேயே கெடுத்துக்கொள்கிறாரே!

நீதிபதியம்மா அன்றைய விசாரணையை முடித்தார். சாட்சி சொல்ல வந்திருக்கும் டிரைவரின் மனைவி மக்களுக்கு நீதிமன்றம் பாதுகாப்புத் தரும், பயப்பட வேண்டாம் என்று கனிவாகச் சொன்னார். எனக்கு யோசிக்க நேரமில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“கவலப்படாதீங்க. உங்க குடும்பத்த நாங்க பாத்துக்கறோம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

டிரைவர் விருட்டென்று எழுந்தார். முகத்தில் ஈயாடவில்லை. கைகளைக் கூப்பினார். காலையிலிருந்து வாய்க்கு வாய் ‘அம்மா’ என்றவர், அதே நீதிபதியம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

“நன்றிங்கய்யா.”

ஐயா, அம்மா என்பதையெல்லாம் மொழிபெயர்ப்பில் விட்டுவிடுவது எங்கள் வழக்கம். அந்த ‘ஐயா’வை நான் விடவில்லை.