வைப்பர்த் தொட்டியில் ஸம்ஸம்

காரைதீவுச் சந்தியில் சுல்பிகா மருந்துக்கடையை விட்டு வெளியே வந்தாள். காரின் முன்மூடி திறந்து கிடந்தது. அவளுடைய கணவன் றினாஸ், ஒரு போத்தலைத் தலைகீழாகப் பிடித்து, கடைசிச் சொட்டையும் எஞ்சினுக்குப் பக்கத்துத் தொட்டிக்குள் உதறிக்கொண்டிருந்தான்.

"என்னத்த ஊத்துறீங்க?"

"வைப்பர்த் தண்ணி. தொட்டி காஞ்சு கிடக்கு. நிந்தவூர் வயலால வரக்குள்ள கண்ணாடியில அறக்கொட்டியான் பூச்சி அடிச்சதில ரோட்டே தெரியல்ல. வைப்பரப் போட்டா இன்னும் இழுபடுது. நல்லவேளை, நீ சீட்டில போத்தல் வெச்சிருந்தாய்."

"அது ஸம்ஸம்!"

றினாஸ் போத்தலைச் சட்டென்று நிமிர்த்தினான்.

பக்கத்து வீட்டுப் பக்கீர் முகைதீன் உம்றாவுக்கு மக்கா போய், அங்குள்ள ஸம்ஸம் கிணற்றிலிருந்து கொண்டுவந்து அயலுக்குப் பங்கு வைத்த புனிதத் தண்ணீர் அது. இந்த வருடம் தானும் போவதென்று நிய்யத்து வைத்திருந்த சுல்பிகாவின் உம்மா, கல்முனை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். சோறு இறங்கவில்லை. "ஒரு முடறு ஸம்ஸம் குடிச்சாப் போதும், மகள்" என்று நேற்றுத்தான் கேட்டிருந்தார்.

"கண்ணில்லையா உங்களுக்கு?"

"நீ சொன்னியா? கடைத் தண்ணிப் போத்தல் மாதிரித்தானே இரிக்கி."

"கேக்க வாயில்லையா? கண்ணாடிக்குத் தண்ணி ஊத்துங்க, ஊத்துங்க எண்டு எத்தின நாளாக் கத்தினன்? அப்பெல்லாம் எழும்பப் பஞ்சி. இண்டைக்கு உம்மாட தண்ணிதான் கிடைச்சிதா?"

பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரன் சிரித்தான். "விடுங்க தங்கச்சி. இனி இந்தக் காருக்கு ஒரு ஆபத்தும் வராது."

அவள் பார்த்த பார்வையில் அவன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டு போய்விட்டான்.

"உறிஞ்சி எடுங்க."

"அடியெல்லாம் கண்ணாடி கழுவுற சவுக்காரம் படிஞ்சிரிக்கி, புள்ள. குடிக்க ஏலாது."

"அப்ப தண்ணி அடிக்கிற அந்தப் பொத்தானத் தொடவும் கூடாது. தொட்டா நான் இறங்கி நடப்பன்."

றினாஸ் தொடவில்லை. இறங்கி இறங்கிச் சட்டைப்பை லேஞ்சியால் கண்ணாடியைத் தேய்த்து, சாய்ந்தமருதைத் தாண்டும்வரை முன்னுக்குக் குனிந்தபடியே ஓட்டினான். ஆஸ்பத்திரி வாசலில் அவளை இறக்கிவிட்டு, தான் இறங்காமல் காரைத் திருப்பிக்கொண்டு போனான். ஓடிவிட்டான் என்று அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

"கொண்டு வந்தியா மகள்?" ஆசியா உம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"உங்கட மருமகன் அத காருக்குக் குடுத்திட்டார், உம்மா! செய்யிறதச் செய்துபோட்டு, உங்கட முகத்தப் பாக்க ஏலாம ஓடிட்டார்."

ஆசியா உம்மா தலையை மெல்லச் சாய்த்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தப் பொறுமையைப் பார்க்கத்தான் சுல்பிகாவுக்குக் கோபம் கண்ணீராக வந்தது.

பார்வையாளரை வெளியே போகச் சொல்லி மணி அடிக்கும்போது றினாஸ் மூச்சு வாங்க உள்ளே வந்தான். கையில் ஒரு சின்ன மருந்துப் போத்தல்.

"எங்க எடுத்தீங்க?"

"பக்கீர் முகைதீன் சாச்சாட்ட."

"பங்கு வெச்சு முடிஞ்சிதெண்டாரே."

"முடிஞ்சிதான். இது அவர்ட மவுத்து நேரத்தில, உசிர் போகக்குள்ள நாக்கில விடுறதுக்கெண்டு, அடக்கத்துக்கு வாங்கின கபன் துணியோட அலுமாரிக்குள்ள வெச்சிருந்தது. மாடு, எருமை எண்டெல்லாம் ஏசினார். ஏசி ஏசித்தான் எடுத்துத் தந்தார்."

சுல்பிகா அவனுக்கென்று எவ்வளவோ ஏச்சுச் சேர்த்து வைத்திருந்தாள். அதை விட்டுவிட்டு, போத்தலை வெடுக்கென்று வாங்கி உம்மாவிடம் கொடுத்தாள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது.

ஆசியா உம்மா பிஸ்மி சொல்லி ஒரு முடறு குடித்தார். பிறகு மூடியைத் தேடி இறுக்கினார்.

"மிச்சத்த பக்கீர் முகைதீனுக்கிட்டயே குடுத்திடுங்க. அவருக்கும் கடைசி நேரத்தில ஒரு முடறு வேணும்தானே."

றினாஸ் கையை நீட்டினான்.

"இவர்ட கையில குடுக்காதீங்க, உம்மா!"

"சும்மா இரி, மகள்" என்ற ஆசியா உம்மா, போத்தலை மருமகனின் உள்ளங்கையில் வைத்து, அவனுடைய விரல்களைத் தானே மடக்கிவிட்டார்.