ஜுஹைனாவோடு வளர்ந்த வீடு

வடகரையில் ஹாஜரா பீவியின் வீடு, மகள் ஜுஹைனாவுக்குத் தலை இடித்துவிடக் கூடாது என்று, அந்த வருஷம் மூன்று தடவை தானாக உயர்ந்தது. சத்தமில்லை, சுவரில் கீறல் இல்லை. படுக்கும்போது கைக்கு எட்டிய பரண் விடிந்ததும் எட்டாது, அவ்வளவுதான். கொத்தனார் சங்கரபாண்டி வந்து தட்டிப் பார்த்து, கட்டுமானத்தில் குறையில்லை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். துபாயிலிருக்கும் வாப்பா மசூது வீடியோ காலில் பார்த்து, இனி பெயின்ட் கூடுதலாக ஆகும் என்றார். கவலையெல்லாம் பிள்ளையைப் பற்றித்தான். பதினோரு வயதில் அவள் வகுப்பு டீச்சரைவிட உயரம். சாயங்காலமானால் நெற்றிக்குப் பின்னால் வலித்தது. பக்கவாட்டில் வரும் சைக்கிள் கண்ணுக்குத் தெரியாமல் போனது.

திருநெல்வேலியில் ஹார்மோன் டாக்டர் உமா மகேஸ்வரி ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவுக்கு பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஒரு கட்டி. புற்றுநோய் இல்லை, ஆனால் வளர்ச்சி ஹார்மோனை ஓயாமல் சுரக்கிறது. மூக்கு வழியாக ஆபரேஷன் செய்து முக்கால்வாசியை எடுத்தார்கள், பார்வை தெளிந்தது. மிச்சம் ரத்தக்குழாயோடு ஒட்டியிருந்ததால் அதைத் தொடவில்லை. அதற்கு மாதம் ஒரு ஊசி.

“எத்தன மாசத்துக்கு டாக்டரம்மா?” என்று கேட்டாள் ஹாஜரா பீவி.

“வருஷக்கணக்கா போடணும்மா. எப்ப நிறுத்தலாம்னு ரத்தமும் ஸ்கேனும்தான் சொல்லும்.”

ஹாஜரா பீவி ஃப்ரிட்ஜில் மீன் வைக்கும் தட்டைக் கழுவி ஊசிக்கு ஒதுக்கினாள். வீடும் உயர்வதை நிறுத்திக்கொண்டது. ஊசி போட்ட மறுநாள் வயிறு கலக்கும் என்பதால், செங்கோட்டைக்குப் புரோட்டா சாப்பிடப் போவதென்றால் ஊசி போட நர்ஸ் மாரித்தாய் வருவதற்கு முன்பே போய்வந்தார்கள்.

பதினாலு வயதில் ஜுஹைனா வாலிபால் டீமில் சேர்ந்தாள். நோய் விவரம் ஏதும் தெரியாத பி.டி. சார் விஸ்வநாதன், “இன்னும் நாலு விரக்கடை வளந்தேன்னா ஸ்டேட் டீம் உனக்குத்தான் தாயி” என்று சொல்லிவைத்தார். அன்றைக்கே அவள் வீட்டுக்கு வந்து, “உம்மா, எனக்கு இனிமே ஊசி வேண்டாம். நான் வளரணும்” என்றாள். ஹாஜரா பீவி கெஞ்சினாள், ஏசினாள், டாக்டரையும் துபாய்க்காரரையும் அவளிடம் பேசச் சொன்னாள். ஒன்றும் நடக்கவில்லை. வந்த மாரித்தாய் இரண்டு மாதம் ஊசி போடாமலே திரும்பினாள்.

நின்றுபோன வருஷங்களுக்கும் சேர்த்து வீடு உயரத் தொடங்கியது. கூடத்து மின்விசிறி தட்டான் அளவுக்குத் தெரிந்தது. ஒரு மத்தியானம் ஜுஹைனா தலைவலியோடு பாதியில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் தட்டினாள். ஹாஜரா பீவி தாழ்போட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் வீடு இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால், உம்மா முக்காலி மேல் நின்று தாழ்ப்பாளுக்காகக் குதித்துக்கொண்டிருந்தாள்.

“செத்தப் பொறுட்டி, எட்டிருவேன்!” என்று மூச்சு வாங்கச் சிரித்தாள். மறுபடி குதித்தாள். எட்டவில்லை.

ஜுஹைனா எம்பி, கதவுக்கு மேலிருந்த காற்றுவழியில் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளினாள். நெற்றி விண்விண்ணென்று தெறித்தது. உள்ளே வந்து உம்மாவை இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

“ஊசிய எடுத்து வெளிய வையி உம்மா. குளுரு போவட்டும். மாரித்தாய் அக்காவக் கூப்புடுதேன்.”

டாக்டர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்து, வாரம் இரண்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் கட்டி கடுகளவாகச் சுருங்கி, ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி கூடியது. ஏறிப்போன வீடும் மெல்ல இறங்கி ஜுஹைனாவின் உயரத்துக்கு வந்து நின்றது. இருக்கிற உயரத்திலேயே குற்றாலம் சீசன் போட்டியில் ஜுஹைனாவின் டீம் ஜெயித்தது. கோப்பையோடு ஐந்தருவிக்குப் போய், கோப்பையையும் குளிப்பாட்டினார்கள்.

அந்தச் சாரலில் ஒரு காலை, அடுக்களை மட்டும் தனியாகக் கீழே இறங்கி ஹாஜரா பீவியின் உயரத்துக்கு வந்து நின்றது. கூடம் ஜுஹைனாவின் உயரத்திலேயே இருந்தது. லீவில் வந்த மசூது இரண்டு நாள் தடுமாறினார். அப்புறம் கூடத்தில் நிமிர்ந்தும் அடுக்களையில் குனிந்தும் நடக்கப் பழகிக்கொண்டு, மகளோடு சாரலில் நனையக் கிளம்பிப் போனார்.