மலைச்சாமியின் சுய அறிமுகம்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே செருப்புக்கடை மாடியில் இருந்த அந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டருக்கு வேலை கேட்டுப் போனபோது, பாண்டிச்செல்வி தன் தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. டைரக்டர் சூரியபிரகாஷும் எதையும் தோண்டிக் கேட்கவில்லை. எம்.ஏ. ஆங்கிலம், கோச்சடையில் வீடு, சாயங்கால வகுப்புக்கு வர முடியும் என்பதே அவனுக்குப் போதுமாக இருந்தது. அவன் முதுகுக்குப் பின்னால் இருந்த டிவியில் சென்டரின் விளம்பர வீடியோக்கள் ஒவ்வொன்றாக ஓடிக்கொண்டிருந்தன. நடுவில் அவள் தம்பி மலைச்சாமி வந்தான். அவள் முகத்தைத் திருப்பவில்லை. இனி தினமும் பார்க்க வேண்டியது அது.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பழங்காநத்தத்தில் கல்யாண மண்டபம் பிடித்து டெமோ நடத்துவது சூரியபிரகாஷின் வழக்கம். புதிதாகச் சேர்ந்த ஒருவரை முதலில் மேடையேற்றி, ஆங்கிலத்தில் தன்னை அறிமுகம் செய்யச் சொல்வான். அதற்கு ‘பிஃபோர்’ என்று பேர். அடுத்து, படித்து முடித்த ஒருவர் வந்து மடமடவென்று பேசிக் காட்டுவார். அது ‘ஆஃப்டர்’. பிஃபோர் தடுமாறத் தடுமாற கூட்டம் சிரிக்கும். சிரித்த பெற்றோர் அன்றைக்கே பிள்ளைகளைச் சேர்த்துவிட்டுப் போவார்கள். அதனால் இருப்பவர்களிலேயே அதிகம் பயப்படுகிற ஆளாகப் பார்த்துத்தான் பிஃபோருக்கு எடுப்பான்.

அங்கே எல்லோரும் முதல் வாரத்தில் போர்டில் எழுதிப் போட்டிருக்கும் ஒரு அறிமுகத்தை மனப்பாடம் செய்வார்கள். அதில் ரோஹன் என்று ஒருவன். அவன் அப்பா பிசினஸ்மேன், அவனுக்குப் பிடித்தது கிரிக்கெட். பயத்தில் இருப்பவர்கள் சொந்தப் பேரை மாற்றிப் போட மறந்து, ரோஹன் என்றே ஒப்பித்துவிடுவார்கள். பெண்பிள்ளைகளே அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். வகுப்பில் நடந்தால் சிரித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடுவார்கள்.

மலைச்சாமிக்கு அது போன ஜூனில், மண்டபம் நிறைந்த கூட்டத்துக்கு முன்னால் நடந்தது.

“ரோஹனா! இந்த மூஞ்சிக்கு ரோஹனாடா? வீட்ல கண்ணாடி கிடையாதா? உண்மையான பேரச் சொல்லு தம்பி” என்றான் சூரியபிரகாஷ்.

“மலைச்சாமி சார்.”

“ஆங்... அப்பிடிச் சொல்லு. மூஞ்சிக்கேத்த பேரு!”

மண்டபம் சிரித்தது. மலைச்சாமியும் கூடச் சேர்ந்து சிரித்தான். பாண்டிச்செல்வியால் தாங்க முடியாதது தம்பியின் அந்தச் சிரிப்புதான்.

சென்டர் விளம்பரமாகப் போட்ட அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. பைக் ஷோரூமில் அவனுக்கு அப்போதுதான் வேலை கிடைத்திருந்தது. வண்டி வாங்க வந்தவர்கள் அவனை ரோஹன் என்று கூப்பிட்டுச் செல்ஃபி எடுத்தார்கள். அவன் வேலைக்குப் போவதை நிறுத்தினான், பிறகு வெளியே வருவதை நிறுத்தினான். ஆடி மாதத்தில் ஒரு விடியற்காலை ஊர்க்கிணற்றிலிருந்து அவனைத் தூக்கினார்கள்.

காரியம் முடிந்ததும் பாண்டிச்செல்வி சூரியபிரகாஷுக்குப் போன் செய்து, வீடியோவை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டாள். “நல்லா போய்க்கிட்டு இருக்கும்மா அது. செத்தும் நாலு பேருக்கு உங்க தம்பியத் தெரியுதுல்ல, அத நெனைங்க” என்று சொல்லி வைத்துவிட்டான். அன்று அவள் அழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை அந்த மாதமே விட்டாள்.

இப்போது சாயங்கால வகுப்பு அவளுடையது. துபாய் போக நினைக்கும் ஷேர் ஆட்டோ டிரைவர் கண்ணுச்சாமி, ஆஸ்பத்திரி ரிசப்ஷனில் வேலை தேடும் முனீஸ்வரி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர். முதல் நாளே ரோஹனை அழித்துவிட்டு போர்டில் வேறு அறிமுகம் எழுதிப் போட்டாள். என் பேர் மலைச்சாமி. என் அப்பா லோடுமேன். என் அக்கா டீச்சர். எனக்கு மீன் பிடிக்கப் பிடிக்கும். எல்லாம் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் அளவுக்குத் தினமும் சொல்ல வைத்தாள். மேடையில் பயந்து நிற்கிற எவனும் மலைச்சாமி என்றுதான் சொல்லப்போகிறான். அந்தப் பேர் அதே மண்டபத்தில், அதே மைக்கில், சூரியபிரகாஷின் மூஞ்சிக்கு நேரே கேட்க வேண்டும். அவள் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

டெமோவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வகுப்பு முடிந்தும் முனீஸ்வரி போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

“மிஸ், மலைச்சாமிங்கிறது அந்த வீடியோல வர்ற அண்ணன்தான?”

பாண்டிச்செல்வி போர்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“டைரக்டர் இந்த வருசம் பிஃபோருக்கு என்னையத்தான் சொல்லியிருக்காரு. நான் மேடைல பதறிப்போயி அந்தப் பேரச் சொன்னா என்னையும் பாத்து சிரிப்பாங்கெல்ல? அது தெரிஞ்சுதான் சொல்லிக்குடுத்தீங்களா?”

துடைக்கிற கை நின்றுவிட்டது. சூரியபிரகாஷ் தன் தம்பியை நிறுத்திய இடத்தில் இந்தப் பெண்ணை நிறுத்தப் பார்த்தது தானேதான் என்று அவளுக்கு உறைத்தது.

“தெரிஞ்சுதான்” என்றாள். “அவன் என் தம்பி.”

முனீஸ்வரி பெஞ்சிலிருந்து எழுந்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி, “கண்ணுச்சாமிண்ணே, மேல வாங்க. எல்லாரையும் கூப்புடுங்க” என்று சத்தம் போட்டாள்.

எல்லாவற்றையும் கேட்டு முடித்த கண்ணுச்சாமி, “ஏன் மிஸ், இம்புட்டு நாளா எங்களக் கிளிப்பிள்ளையாவா வச்சிருந்தீங்க? மொதல்லயே சொல்லியிருந்தா இன்னும் நல்லா வச்சு செஞ்சிருப்பம்ல” என்றான்.

டெமோ அன்று மண்டபம் நிறைந்திருந்தது. சூரியபிரகாஷ் கோட்டு போட்டிருந்தான். முனீஸ்வரியை மேடைக்கு அழைத்து மைக்கைக் கொடுத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

“மை நேம் இஸ் மலைச்சாமி” என்றாள் அவள்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. “பொம்பளப் பிள்ளைக்கு மலைச்சாமியா! யாரு தாயி ஒனக்குப் பேரு வச்சது?” என்று அவன் தொடையில் தட்டிக்கொண்டான். முனீஸ்வரி அவன் சிரித்து முடிக்கும்வரை நின்றாள். பிறகு மீதியை ஆங்கிலத்தில் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள். என் அப்பா லோடுமேன். என் அக்கா டீச்சர். போன வருசம் இந்த மேடையில் நின்றேன். நீங்கள் எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். இப்போது நான் உயிரோடு இல்லை.

சூரியபிரகாஷ் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினான். “ஏதோ வெளையாட்டு... நெக்ஸ்ட், கண்ணுச்சாமி!”

கண்ணுச்சாமி இருந்த இடத்திலேயே எழுந்து நின்றான். அவனுக்கு மைக் தேவைப்படவில்லை. “மை நேம் இஸ் மலைச்சாமி!” அவனுக்குப் பின்னால் ஒருத்தி எழுந்தாள். அப்புறம் வரிசையாக எழுந்தார்கள். எல்லோரும் அதே பேரைச் சொன்னார்கள்.

“யாருய்யா அது மலைச்சாமி?” என்று ஒரு பெரியவர் கேட்டார்.

“அந்த ரோஹன் பையன்தான், மாமா. கெணத்துல செத்துப்போனான்ல.”

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எழுந்தாள். “எம்பிள்ளையையும் இப்பிடித்தான் மேடையேத்திக் கேவலப்படுத்துவியா நீ? எந்திரிடி, போவோம்.” நாற்காலிகள் வரிசை வரிசையாகக் காலியாகத் தொடங்கின.

பாண்டிச்செல்வி மேடைக்கு ஏறினாள்.

“என்ன மிஸ் இது?” சூரியபிரகாஷ் மைக்கைக் கீழே இறக்கினான்.

“என் தம்பிய நீங்கதான ஊருக்கே அறிமுகம் பண்ணீங்க. முழுசாப் பண்ணுங்க சார். அவனுக்கு என்ன புடிக்கும்? எங்க வேல பாத்துக்கிட்டு இருந்தான்? சொல்லுங்க.”

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. “அது வந்து... மேடம்... ஐ... நான்...” என்று வாய் குழறியது. கோட்டுக்குள் வேர்த்துக் கொட்டியது. கீழே பத்து இருபது செல்போன்கள் உயர்ந்திருந்தன. அத்தனை பேருக்கும் முன்னால், தன் போனைத் திறந்து மலைச்சாமியின் வீடியோவை அழித்துக் காட்டினான். அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை, எத்தனையோ பேர் போனில் அது இருக்கிறது என்று பாண்டிச்செல்விக்குத் தெரியும்.

கண்ணுச்சாமி போனைத் தூக்கிக் காட்டினான். “சார் திக்குறது பூரா வீடியோவுல வந்திருக்கு மிஸ். போடட்டா?”

சூரியபிரகாஷ் அவள் பக்கம் குனிந்து, மைக்கில் கேட்காத குரலில், “வேணாம்மா. எனக்கும் பிள்ளைக இருக்கு. ஸ்கூலுக்குப் போகணும் அதுக. கேலி பண்ணியே கொன்னுபுடுவாங்கெ” என்றான்.

“தெரியும் சார்” என்றாள் பாண்டிச்செல்வி. “எப்பிடிக் கொல்லுவாங்கன்னு எங்க வீட்ல எல்லாருக்குமே தெரியும்.”

முனீஸ்வரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாண்டிச்செல்வி அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“போடு கண்ணுச்சாமி” என்றாள்.