அந்தம்மா சொன்ன வழி

பரசுராமனின் மாப்பிள்ளை அறிவு தங்கம் போடமாட்டான். கல்யாணம் பேசி முடித்த அன்றைக்கே சொல்லிவிட்டான். மோதிரம் வேண்டாம், செயின் வேண்டாம், வண்டி வேண்டாம். புத்தர் படத்துக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டு, வந்தவர்களுக்கு வயிறாரச் சாப்பாடு போட்டால் போதும் என்றான். வியாசர்பாடி முழுக்க அந்தப் பேச்சு நல்ல பேச்சாகப் பரவியது. பெண்ணைப் பெற்ற பரசுராமனுக்கு மட்டும் கல்யாணம் முடிந்த பிறகும் அது மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அவர் பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் ஃபிட்டர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை செய்கிறவர்கள் தங்கள் மாப்பிள்ளைகளுக்கு என்னென்ன செய்தோம் என்று சொல்வார்கள். இவர் முறை வரும்போது, "நம்ம மாப்ள ஒண்ணும் வாணான்ட்டாரு" என்பார். முதலில் எல்லோரும் பாராட்டினார்கள். போகப்போக, "அப்ப நீ ஒண்ணுமே செய்யல" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றைக்குச் சாயங்காலம் பரசுராமன் மகளைக் கூப்பிட்டு, தங்கம் இல்லாமல் மாப்பிள்ளைக்கு உபயோகமாக ஒரு பொருள் சொல்லச் சொன்னார்.

மகிழினி யோசித்தாள். அறிவு யு.பி.எஸ். பெட்டிகளைப் பழுது பார்க்கிற சர்வீஸ் வேலையில் இருந்தான். ஒரு பழைய ஆம்னி வேன் வாங்கி வைத்திருந்தான். போகவேண்டிய ஆபீஸ்களெல்லாம் அடையாறு, வேளச்சேரி, அதற்கும் அந்தப் பக்கம்.

"இந்தப் பக்கம்னா அவருக்குக் கண்ணக் கட்டி வுட்டாக்கூட வழி தெரியும் நைனா. திருவொத்தியூர்லயே பொறந்து வளந்தவரு. அடையார் தாண்டினா போதும், ஒவ்வொரு முனையிலயும் நின்னு கேட்டுகினு போறாரு. இப்ப வழி சொல்ற பொட்டி ஒண்ணு வந்துகீதாமே, ஜி.பி.எஸ்.னு. அத்த வேணா வாங்கிக் குடு."

சனிக்கிழமை பரசுராமன் ரிச்சி தெருவுக்குப் போனார். ஷாகுல் ஹமீது என்ற கடைக்காரர் மூன்று பெட்டிகளைக் கண்ணாடி மேஜைமேல் எடுத்து வைத்தார். முதலாவது சின்னது; தீப்பெட்டி அளவு திரை. இரண்டாவது வெளிநாட்டுச் சரக்கு. "இதுல அமெரிக்கா மொத்தமும் இருக்கு சார். சென்னைதான் ஒரு புள்ளி மாதிரி இருக்கும்" என்று அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். மூன்றாவதில் இந்தியா வரைபடம், அகலமான திரை, இங்கிலீஷில் பேசும் ஒரு பெண் குரல்.

"எங்க தெருவு வருதா பாருங்க" என்றார் பரசுராமன்.

ஷாகுல் ஹமீது தட்டித் தட்டிப் பார்த்தார். வியாசர்பாடி மெயின் ரோடு வந்தது. ஹவுசிங் போர்டு பிளாக்குகள் இருக்கவேண்டிய இடத்தில் பச்சையாக ஒரு திட்டு மட்டும் தெரிந்தது.

"காலி எடம்னு போட்டிருப்பான் சார்."

"பொறந்ததுலேந்து காலி எடத்துலதான் குடியிருக்கேன் போல" என்றார் பரசுராமன். ஆனால் அதற்காகப் பெட்டியை ஒதுக்கவில்லை. அதன் ஸ்டாண்டை வாங்கி, கண்ணாடியில் ஒட்டச் சொல்லி, ஃபிட்டர் கையால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். அசையவில்லை. வரைபடத்தைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. பிடிமானத்தைப் பற்றித் தெரியும். "இதான் நல்ல ஐட்டம். கட்டிக் குடுங்க" என்றார்.

தங்கம் இல்லை என்பதால் அறிவால் மறுக்க முடியவில்லை. மறுக்கவும் தோன்றவில்லை, உண்மையாகவே சந்தோஷப்பட்டான். அடுத்த வாரமே அடையாற்றில் ஒரு ஆபீசுக்கு யாரையும் கேட்காமல் போய்ச் சேர்ந்து, அங்கிருந்தே மாமனாருக்கு போன் போட்டுச் சொன்னான். பரசுராமன் அதை ஒர்க்ஸில் எல்லோரிடமும் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அதற்குப் பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை எர்ணாவூரில் அறிவின் அக்கா செங்கொடியின் குழந்தைக்குப் பெயர் வைக்கிற விசேஷம். அறிவு தாய்மாமன். குழந்தையின் காதில் பெயரை மூன்று தடவை சொல்லவேண்டியவன் அவன்தான். மதியச் சாப்பாட்டுக்கு பிரியாணி பரசுராமன் வீட்டிலிருந்து. அவர் மனைவி கன்னியம்மா விடியற்காலையிலேயே எழுந்து செய்து, தேக்சாவின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, ஆம்னியின் பின்பக்கம் ஏற்றி, மகளோடு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். பரசுராமன் முன் சீட்டில்.

வியாசர்பாடியிலிருந்து எர்ணாவூருக்குப் போக அந்த வண்டியில் இருந்த யாருக்கும் யாரும் வழி சொல்லத் தேவையில்லை. தண்டையார்பேட்டை வந்து, திருவொற்றியூர் ஹைரோட்டைப் பிடித்தால் நேராகப் போய்க்கொண்டே இருக்கலாம். அறிவு சாவியைத் திருகினான். பக்கத்தில் மாமனார் கைக்குட்டையை எடுத்துப் பெட்டியின் திரையைப் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தார். ஆசையாக வாங்கிக் கொடுத்த மனுஷனை வைத்துக்கொண்டு அதை இருட்டாக வைத்து ஓட்டினால் நன்றாக இருக்குமா என்று அறிவு நினைத்தான். போட்டுவிட்டான்.

போட்டுவிட்டாரே, அவருக்கு இதன்மேல் எவ்வளவு நம்பிக்கை என்று பரசுராமன் நினைத்தார்.

தண்டையார்பேட்டை தாண்டியதும் அந்தக் குரல் பேசியது. "இன் டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ், டர்ன் ரைட்."

வலது பக்கம் திரும்பினால் கடலோரம் போகிற எக்ஸ்பிரஸ் ரோடு. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் அங்கேதான் நாள்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். விவரம் தெரிந்த யாரும் அந்தப் பக்கம் வண்டியை விடமாட்டார்கள். அறிவு வேகத்தைக் குறைத்தான்.

"ரைட்ல சொல்லுது மாமா."

"சொல்லுதா? சரி மாப்ள."

"போலாங்களா?"

"உங்க வண்டி, உங்க இஷ்டம். நான் இன்னா சொல்றது."

பின்னால் கன்னியம்மா மகளின் தொடையைக் கிள்ளினாள். மகிழினி, பேசாமல் இரு என்று தலையாட்டினாள். அவள் வாயைத் திறந்தால் அப்பா வாங்கியதைக் குறை சொன்ன மாதிரி ஆகும். கன்னியம்மா வாயைத் திறந்தால் மாப்பிள்ளைக்கு வழி தெரியவில்லை என்ற மாதிரி ஆகும். அறிவு இண்டிகேட்டரைப் போட்டான். மாமா ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தான். மாப்பிள்ளையே நேராக விட்டுவிடட்டும் என்று பரசுராமன் காத்திருந்தார். பின்னாலிருந்து ஒரு பஸ் ஹாரன் அடித்தது. ஆம்னி வலது பக்கம் திரும்பியது.

கொஞ்ச தூரம் போனார்கள். அவ்வளவுதான். ஒரு பக்கம் துறைமுகத்தைப் பார்த்தபடி கண்டெய்னர்கள். இன்னொரு பக்கம் காலி டிரெய்லர்கள். நடுவில் ஒன்று திரும்பப் பார்த்து, ரோட்டுக்குக் குறுக்காக மாட்டிக்கொண்டு நின்றது. ஆம்னிக்குப் பின்னாலும் லாரிகள் வந்து அடைத்துவிட்டன. இடது பக்கம் கொஞ்சம் மண் ஓரம், வலது பக்கம் லாரிகள், அவற்றுக்கு அப்புறம் கருங்கல் கொட்டிய கரை, கடல்.

"ப்ரொசீட் ஸ்ட்ரெய்ட்" என்றது பெட்டி.

"நேராதான் போவச் சொல்லுது. அது தப்பா ஒண்ணும் சொல்லல" என்றார் பரசுராமன்.

"இல்ல மாமா, கரெக்டாதான் சொல்லுது. ரோடு நேராதான் போவுது."

"வண்டிதான் போவல" என்றாள் கன்னியம்மா.

வெயில் ஏறியது. தகரம் சூடாகி, பிரியாணி வாசனை வேனுக்குள் நிரம்பியது. செங்கொடி போன் செய்தாள். "வந்துகினே கீறோம்" என்றான் அறிவு. இன்னொரு தடவை செய்தாள். "கிட்ட வந்துட்டோம்" என்றான். மூன்றாவது தடவை அவள் குரல் மாறிவிட்டது.

"டேய், எல்லாரும் பசியோட குந்தினு கீறாங்க. எங்க மாமனாரு, நேரமாவுது, பேர வெச்சிடலாம்ன்றாரு. நீ வரியா, இல்ல வேற யாரையாவது சொல்லச் சொல்லட்டா?"

அறிவு போனைக் கையில் வைத்துக்கொண்டு குறுக்கே நின்ற டிரெய்லரைப் பார்த்தான். அக்கா வயிற்றில் குழந்தை உண்டான நாளிலிருந்து யோசித்து வைத்த பெயர். தான்தான் சொல்லவேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

"போனக் கொழந்த காதுல வெய், அக்கா" என்றான்.

அந்தப் பக்கம் சலசலப்பு. யாரோ சிரித்தார்கள். பிறகு குழந்தையின் மூச்சு சன்னமாகக் கேட்டது. லாரி இரைச்சல் அதன் காதில் விழக்கூடாதென்று அறிவு வண்டியை மெதுவாக ஓரத்து மண்ணில் இறக்கினான். கண்ணாடிகளை ஏற்றச் சொன்னான். கன்னியம்மா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டாள். பரசுராமன் காலிலிருந்த செருப்பைக் கழற்றினார்.

"பாரி" என்றான் அறிவு. "பாரி."

மூன்றாவது தடவைக்கு வாயைத் திறந்தான். வண்டி ரோட்டை விட்டு இறங்கியதைக் கண்டுபிடித்துவிட்ட பெட்டி முந்திக்கொண்டது. "மேக் எ யூ டர்ன்."

"பாரி" என்றான் அறிவு அவசரமாக.

அந்தப் பக்கம் குழந்தை வீறிட்டது. "யார்றா அது பொம்பள?" என்றாள் செங்கொடி.

போனை வைத்ததும் மகிழினிக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க, இந்த ரோட்ல வந்தா மாட்டிக்குவோம்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"நைனா, உனக்கு?"

"தெரியாம இன்னா? சின்ன புள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப ஏன் ரெண்டு பேரும் வாயத் தொறக்கல?"

அறிவு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாமா ஆசையா வாங்கிக் குடுத்தது. அது ஒண்ணு சொல்லி நான் வேற பக்கம் போனா மனசு கஷ்டப்படுவாருன்னு..."

"நீங்க அத நம்பிப் போறீங்க, நடுவுல பூந்து நான் இன்னாத்துக்கு மூக்க நொழைக்கணும்னு இருந்தேன் மாப்ள" என்றார் பரசுராமன்.

"நானும் அப்பவே சொல்லலாம்னுதான் இருந்தேன்" என்று கன்னியம்மா ஆரம்பித்தாள். மகள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டாள்.

கண்ணாடியை இறக்கியதும் பிரியாணி வாசனை ரோட்டுக்குப் போனது. பக்கத்து லாரி டிரைவர் இறங்கி வந்து ஒன்றும் கேட்காமல் நின்றார். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அங்கே நிற்கிறாராம். கன்னியம்மா துணியை அவிழ்த்தாள். மகிழினி தடுக்கப் பார்த்தாள். அதற்குள் அவருக்கு ஒரு தட்டு போய்விட்டது. பிறகு அவருடைய கிளீனருக்கு, முன்னால் நின்றவருக்கு, குறுக்கே மாட்டிக்கொண்ட டிரெய்லர்காரருக்கு. சாப்பிட்டவர்கள் கை கழுவிக்கொண்டு ஒன்றுசேர்ந்தார்கள். ஒருவர் பின்னால் எடுத்தார், ஒருவர் ஓரம் கட்டினார், சத்தம் போட்டு வழிகாட்டினார்கள். ஒரு ஆம்னி நுழைகிற அளவுக்கு இடம் பிறந்தது.

எர்ணாவூர் போய்ச் சேரும்போது வெயில் இறங்கியிருந்தது. வந்தவர்கள் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிய பரோட்டாவைத் தின்றுவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்திருந்தார்கள். தேக்சாவைத் திறந்தபோது பாதிக்குமேல் இல்லை. செங்கொடியின் மாமனார் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ நேரம் இன்னா ஆச்சி? வழி சொல்ற மிசினு வெச்சிகினு கீறீங்கன்னு சொன்னாங்களே" என்று கேட்டார்.

"லாரிங்க" என்றான் அறிவு.

"அந்த மிசினு மட்டும் இல்லன்னா இன்னும் லேட்டாயிருக்கும்" என்றார் பரசுராமன்.

செங்கொடி தம்பியின் கையில் குழந்தையைக் கொடுத்தாள். அவன் அதன் காதருகே குனிந்து, யாருக்கும் கேட்காமல் இன்னொரு தடவை பெயரைச் சொன்னான். குழந்தை அழவில்லை.

திரும்பும்போது பெட்டி அணைந்திருந்தது. தெருவைத் தாண்டியதுமே பேச்சு ஆரம்பித்துவிட்டது.

"ஹைரோட்லயே போயிடலாம் மாமா."

"ஞாயித்துக்கெழம சாய்ங்காலத்துல தேரடி தாண்டவே முடியாது மாப்ள. மணலி பக்கம் வுடுங்க. கொடுங்கையூர் வழியா நேரா வூட்டாண்ட போய் எறங்கிடலாம்."

"கொடுங்கையூர் குப்பமேட்டு நாத்தத்துலயா?"

"நாத்தம் இன்னா பண்ணும்? கண்ணாடிய ஏத்திக்கோ."

"பள்ளம் மாமா. ரோடே கெடயாது அங்க."

"எந்த வருசத்துக் கதய பேசற? இப்ப ரோடு போட்டுட்டான். உனக்குத் திருவொத்தியூர் வுட்டா ஒண்ணும் தெரியாது. நீ பேசாம நான் சொல்ற பக்கம் ஓட்டு."

கல்யாணமான நாளிலிருந்து மாப்பிள்ளையை 'நீங்க' என்பதைத் தவிர ஒரு தடவைகூட 'நீ' என்று சொல்லாதவர் பரசுராமன். அறிவு அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. "கேரேஜ் ஒர்க்ஸ்ல ரயில் ரிப்பேர் பண்ற ஆளுக்கு ரோடப் பத்தி இன்னா தெரியும்?" என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். சந்திப்பு வந்துவிட்டது. வண்டி நின்றது. இரண்டு பேரும் கையை நீட்டி இரண்டு பக்கம் காட்டினார்கள். பின்னால் ஹாரன்கள்.

"இதுங்க ரெண்டுத்துக்கும் அந்தம்மாவே தேவல" என்றாள் கன்னியம்மா. மகிழினி எட்டிப் பெட்டியைப் போட்டாள். அது கொஞ்ச நேரம் தேடிப் பார்த்துவிட்டு, பணிவாக ஏதோ ஒரு பக்கம் சொன்னது.

"நீ சும்மா கெட" என்றார்கள் இரண்டு பேரும்.

கடைசியில் அறிவு மணலிப் பக்கம்தான் திருப்பினான். ரோடு போட்டிருந்தார்கள் என்பதும் உண்மை, நாற்றம் தாங்கவில்லை என்பதும் உண்மை. வீடு வந்து சேரும்வரை ஆளுக்கொரு உண்மையைப் பிடித்துக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்கள்.