செவ்வாய்க்கிழமை சாம்பிராணி

மூட்டை இறக்கிவிட்டு வந்தால் உடம்பு பாயைத்தான் தேடும். அன்றைக்குத் தேடவில்லை. தோளில் தகரக் குழாயோடு மேலப்பாளையம் கடைத்தெருவில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன்.

என் மனைவி ஃபஹ்மிதா சின்ன வயதிலிருந்து பீடி சுற்றியவள். புகையிலைத் தூள் நெஞ்சில் இறங்கி, இருமலாகத் தங்கிவிட்டது. பீடித் தட்டைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகுதான், பழைய லேசர் மெஷின் ஒன்றை வாங்கிப் பின்னறையில் வைத்தோம். மெல்லிய பலகையில் கல்யாணப் பெயரோ வாசல் பெயரோ, எது கேட்டாலும் வெறும் வெளிச்சத்தாலேயே வெட்டித் தருவாள். முதல் பலகையைக் கையில் எடுத்தபோது அவள் முகம் பெருநாள் பிறையைக் கண்ட மாதிரி இருந்தது.

ஆனால் பலகை கருகினால் புகை வரும். தொண்டையை அறுக்கிற புகை. மெஷினுக்குப் பின்னால் ஒரு ஃபேனை வைத்து, வளைகிற குழாயை மேற்கு ஜன்னல் வழியாக வெளியே விட்டேன். அங்கேதான் என் புத்தி மழுங்கிவிட்டது. ஆனி பிறந்தால் மலைப்பக்கத்திலிருந்து காற்று தள்ளிக்கொண்டு வரும். அந்தக் காற்றுக்காகவே வைத்த ஜன்னல் அது. வெளியே போன புகையைக் காற்று அப்படியே உள்ளே திருப்பி அனுப்பியது. கூடவே பழைய இருமலும் திரும்பி வந்தது.

"மச்சான், இதுவும் நெஞ்சுக்கு ஆவாதுன்னா வித்துருவோம்" என்றாள். மெஷினை வெள்ளைத் துணியால் மூடியிருந்தாள். எனக்குப் பார்க்கவே பொறுக்கவில்லை.

"கொஞ்சம் பொறு ஏட்டி."

மெஷினை மூடினாளே தவிர, யோசிப்பதை விடவில்லை. செல்போனில் யார் யாரோ பேசுவதைக் கேட்டுவிட்டு அவளே சொன்னாள்: ஃபேன் குழாயின் வெளிமுனையில் இருக்க வேண்டுமாம். அங்கேயிருந்து இழுத்தால், நடுவில் ஓட்டை இருந்தாலும் புகை வீட்டுக்குள் கசியாதாம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம், தோளில் கொண்டு வந்த தகரக் குழாயை மெஷினிலிருந்து நேரே மாடிக்கு ஏற்றினேன். பக்கத்து வீட்டு ஜனாபா மாமியின் மாடிச் சுவரைவிட உயரமாக நிறுத்தி, காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரி வாயைக் கிழக்கே திருப்பி, அங்கே ஃபேனை மாட்டினேன். பலகையை வெட்டிப் பார்க்கப் பயம். தவறினால் அவள் நெஞ்சுதான் வாங்கும். அதனால் கீழே குழாய்க்குப் பக்கத்தில் சாம்பிராணியைப் பிடிக்கச் சொன்னேன்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு! உள்ள போவுது மச்சான்! உறிஞ்சுது!"

"மேல ஒண்ணும் வரலையே!"

"ஃபேனைப் போட்டீங்களா இல்லையா?"

போட்டுத்தான் இருந்தேன். குழாய் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு வெள்ளை இழை எட்டிப் பார்த்தது. அப்புறம் கொத்தாக வந்தது. காற்று அதை அள்ளிக்கொண்டு கிழக்கே பறந்தது.

"வருது! ஏட்டி, வருது!" நான் போட்ட கூச்சலில் அடுத்த மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஜனாபா மாமி திரும்பிப் பார்த்தாள். தலைக்கு மேலே போகிற புகையைப் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், கீழே இறங்கிப் போய்விட்டாள்.

நான் படியிறங்கி வரும்போது மாமி எங்கள் வாசலில் நிற்கிறாள், கையில் தூக்குச்சட்டியோடு.

"ஏலே தாஜு, வீட்ல சாம்பிராணி போட்டு ஃபாத்திஹா ஓதி முடிச்சாச்சா? ஒரு வார்த்தை சொல்லலையே. நேர்ச்சைச் சோறு எங்கலே?"

"ஃபாத்திஹாவெல்லாம் இல்ல மாமி. குழாய் புகையை இழுக்கான்னு பார்த்தோம்."

"குழாய்க்கா சாம்பிராணி போடுதீய? நல்ல கூத்து! நானும் வெள்ளிக்கிழமை இல்லாம செவ்வாக்கிழமையில என்னடா விசேஷம்னு சட்டியைத் தூக்கிட்டு வந்துட்டேன். வெறுஞ்சட்டியோடயா திரும்புவேன்?"

ஃபஹ்மிதா காதில் எதுவும் விழவில்லை. துணியை உருவி எறிந்துவிட்டு, பலகையை வைத்து மூடியைச் சாத்தி, மெஷினைப் போட்டுவிட்டாள். நீல வெளிச்சம் ஓடியது. நாங்கள் மூன்று பேரும் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றோம். முதல் எழுத்து முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. மாமி குனிந்து மெஷினை முகர்ந்தாள்.

"அட, ஒரு வாடையும் இல்லையே!"

"இருமல் வருதா?" என்று கேட்டேன்.

"வரலை."

"என்கிட்ட மறைக்காத."

"அல்லா மேல ஆணை, வரலை மச்சான்!" கண் கலங்கியிருந்தது. அது புகையால் இல்லை. பலகையை விட்டுக் கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "மாமிய உக்கார வச்சு, நீங்க போய் அடுப்பைப் பத்த வையிங்க. ரவை மேல் தட்டுல இருக்கு. கேசரிக்கு நெய்யைக் குறைச்சிராதீங்க. இதை முடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்."