மாப்பிள்ளை வீட்டார் இடித்த சுவர்கள்

எண்பத்திரண்டில் என் புருசன் பக்கீர் முகைதீன் சவூதியிலிருந்து வந்து இறங்கிய மறுநாளே, மாடி வைத்துப் பெருப்பிக்க வீட்டை அளக்கத் தொடங்கிவிட்டார். என்னையும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். அளக்க வேண்டிய தூணில் நான் சாய்ந்து நின்றேன், அதனால்.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். என் வாப்பா எனக்குச் சீதனமாகத் தந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்து குடியேறியவர்தான் இவர். இனி எங்கள் மகள் நதீராவுக்குக் கலியாணம் என்றால், வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். ஒதுங்க ஓர் இடம் வேண்டாமா? பின்வளவில் எனக்கு ஓர் அறையும் சமைக்க ஒரு குசினியும் கட்டித் தாருங்கள் என்று கேட்டேன்.

"ஓம், ஓம். முதல்ல முன்பக்கம் முடியட்டும்" என்றார்.

பின்வளவுக் கிணற்றடியில் நாலு கம்பு நட்டு, தென்னங்கிடுகு வேய்ந்து, எங்களை அதற்குள் தள்ளினார். சோற்றில் சீமெந்து, பாயில் சீமெந்து, இவர் தாடியிலும் சீமெந்து. பாண்டிருப்பு மேசன் கதிர்காமத்தம்பி பழைய விறாந்தையை உடைத்தபோது எனக்கு அழுகை வந்தது. இவரோ பக்கத்தில் நின்று, வாப்பாவின் தூண்களுக்கு லட்சணம் போதாது என்று அவனுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அட்டாளைச்சேனையிலிருந்து சம்பந்தம் வந்தது. பொடியன் கலாசாலையில் படிக்கிறான், வாத்தியாராகப் போகிறான். அவனுடைய தாய் சபியா உம்மா பெண் பார்க்க வந்தார். நதீராவின் முகத்தை ஒருக்கால் பார்த்தார். மிச்ச நேரமெல்லாம் சுவரைப் பார்த்தார்.

"மண்டபம் ஒடுக்கமாக் கிடக்கு. எங்கட மகன் காத்தோட்டமா வளந்த புள்ள."

மறுநாளே சுவர் விழுந்தது. அடுத்த முறை வந்தவர், மேல்மாடிப் படிக்கட்டு இடதுபக்கம் இருப்பது மகனுக்குத் தோதுப்படாது என்றார். படிக்கட்டு வலதுபக்கம் போனது. அதற்கடுத்த முறை ஜன்னல்கள். கதிர்காமத்தம்பிக்குக் கொண்டாட்டம்.

"அந்த அம்மா இன்னும் ரெண்டு மூணு தரம் வந்தா என்ட மகளுக்கும் ஒரு வீடு எழும்பிரும் அக்கா" என்று என்னிடமே சொல்லிச் சிரித்தான்.

நான் என் அறையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் இவர் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "மாப்பிள்ள வீட்டார்ர வேல முடியட்டும் சுபைறா." அவன் இன்னும் மாப்பிள்ளையாகவே இல்லை, அவனுடைய வேலை மட்டும் முடிகிற பாடாக இல்லை.

கலியாணத்துக்கு நாள் குறிக்க வந்த அன்று சபியா உம்மா பின்வளவுக்கும் வந்துவிட்டார். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எங்கள் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார்.

"இதக் கழட்டிப் போட்டு, காருக்கு ஒரு கராஜ் கட்டினா நல்லம்."

"மகன் கார் வாங்கிட்டாரா?" என்று கேட்டேன்.

"வாங்கத்தானே போறான்."

இவர் அதற்குள் மேசனைக் கூப்பிட்டு நூல் பிடிக்கச் சொல்லிவிட்டார்.

"அப்ப நாங்க எங்க போற?"

"நீங்க ரெண்டு பேருந்தானே. எங்கயாவது ஒரு மூலையில கிடந்துக்கலாம்" என்றார் சபியா உம்மா. அதற்கும் இவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் நான் மேசன் பக்கம் திரும்பினேன்.

"நூலச் சுத்தி வை தம்பி" என்றேன். "இது என்ட வாப்பா எனக்குத் தந்த வீடு. என்ட மகளுக்கு எழுதுவன், இவட மகனுக்கு எழுத மாட்டன். நதீரா மேல படுக்கட்டும், நான் கீழ இருப்பன். அவளுக்கு வாற மாப்பிள்ள வரட்டும்."

நதீரா பாயையும் தலையணையையும் சுருட்டிக்கொண்டு மேல்மாடிக்கு ஏறிப் போனாள். சபியா உம்மா குடித்த தேத்தண்ணீரைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார்.

நான் என் சட்டிபானைகளை மண்டபத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன். இவர் பின்னாலேயே வந்தார். பயம் தெரிந்த முகம்.

"மாப்பிள்ள வீட்டார இப்பிடியா அனுப்புற?"

"நீங்களும் இந்த வீட்டுக்கு வந்த மாப்பிள்ளதானே. உங்கட உம்மா ஒரு சுவரயாவது இடிக்கச் சொன்னாவா?"

யோசித்துப் பார்த்தார். "இல்ல. அவ ஒண்டும் கேக்கல்ல."

"கேட்டிருந்தா, அண்டைக்கே என்ட வாப்பா உங்களையும் அனுப்பியிருப்பார்."